பத்திரிகையாளர் ஆக விரும்பும் பிள்ளையை எங்கே படிக்க வைப்பது? வேலூரிலிருந்து போகும் மூன்று வழிகள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கத்து வீடுகளிலிருந்து இந்தக் கேள்வி வரத் தொடங்கிவிடும். "பொண்ணு பத்திரிகை வேலைதான் வேணும்னு ஒத்தைக் காலில் நிற்கிறாள். சென்னைக்கு அனுப்பி ஜர்னலிசம் சேர்க்கலாமா, இங்கேயே ஒரு டிகிரி முடிக்கட்டும் என்று விடலாமா?" பையன்கள் கேட்பது வேறு மாதிரி இருக்கும். "டிகிரி எதற்கு? நேராக நிருபராகச் சேர்ந்துவிடக் கூடாதா?" இந்த இரண்டாவது கேள்விக்குத் துணையாக வீட்டுப் பெரியவர் யாராவது எழுத்தாளர் சாவியின் பெயரைச் சொல்வார். நம்ம மாவட்டத்துக்காரர், காலேஜ் போகாமலே பத்திரிகை ஆசிரியர் ஆனவர், அப்புறம் என்ன என்று.

எனவே சாவியிடமிருந்தே தொடங்குகிறேன். அவர் எப்படிக் கற்றார் என்று சரியாகப் பார்த்தால், எந்த வழி நல்லது என்பதை அளக்க ஓர் அளவுகோல் கிடைக்கிறது.

சாவிக்குக் கிடைத்த படிப்பு

சாவி என்ற பெயரில் எழுதிய சா. விசுவநாதன் 1916இல் அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தில், மாம்பாக்கம் கிராமத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பே குறைவு. அப்படி இருந்தும் தினமணி கதிருக்கு ஆசிரியர் ஆனார், குங்குமத்தைத் தொடக்க ஆசிரியராக நடத்தினார், பிறகு தன் பெயரிலேயே ஒரு வார இதழ் கொண்டுவந்தார். காந்தியடிகளின் நவகாளி யாத்திரையை நேரில் போய்ப் பார்த்து எழுதியவரும் அவர்தான்.

இதையெல்லாம் சொல்பவர்கள் நடுவில் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். சாவி, கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தியின் பக்கத்தில் இருந்து தொழில் கற்றவர். கல்கியும் பட்டதாரி இல்லை. 1921இல் ஒத்துழையாமை இயக்கத்துக்காகத் திருச்சியில் பள்ளியை விட்டு வெளியேறியவர். ஆனால் 1923இல் நவசக்தி பத்திரிகையில் துணையாசிரியராகச் சேர்ந்தபோது அதன் ஆசிரியராக இருந்தவர் திரு.வி.க. அந்தத் திரு.வி.க. அதற்கு முன் சென்னை வெஸ்லி பள்ளியில் தமிழாசிரியராக இருந்தவர். வகுப்பறையில் கிடைக்காத படிப்பு இவர்களுக்கு ஆசிரியர் குழுவின் மேசையில் கிடைத்தது. எழுதிக் கொடுத்த பக்கத்தை ஒருவர் வாங்கிப் படித்து, அடித்து, மாற்றி, ஏன் மாற்றினேன் என்று சொன்னார். அடுத்த வாரம் மறுபடியும் அதேதான்.

பத்திரிகைக்கு வெளியே இன்னொருவரையும் பாருங்கள். வாலாஜாவுக்குப் பக்கத்தில் உள்ள வேலத்தைச் சேர்ந்த மு. வரதராசன் திருப்பத்தூர் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். அந்த வேலையை விட்டபின் கல்லூரியில் சேராமலே தமிழ் படித்து 1935இல் வித்துவான் தேர்வில் மாநிலத்தில் முதலாவதாக வந்தார். தனியாகப் படித்தார் என்று சொல்கிறோம். ஆனால் திருப்பத்தூரில் அவருக்குச் சொல்லிக் கொடுக்க முருகைய முதலியார் இருந்தார்.

ஆகவே கல்லூரியா நேரடி வேலையா என்று தொடங்குவதைவிட, பிள்ளை எழுதியதை அடுத்த மூன்று நான்கு வருஷம் யார் திருத்தப் போகிறார்கள் என்று தொடங்குவதுதான் சரி. என் முடிவுகள் எல்லாம் இந்தக் கேள்வியிலிருந்துதான் வருகின்றன.

எதை வைத்து அளப்பது

முதல் அளவு அதுதான்: திருத்தும் ஆள் இருக்கிறாரா.

இரண்டாவது, எழுதுவதற்கு ஒரு துறை கைவசம் உண்டா. செய்தி எழுதும் முறையைச் சில மாதங்களில் பழகிவிடலாம். பாலாற்றில் என்ன கலக்கிறது என்று ஆய்வறிக்கையைப் படித்துப் புரிந்துகொள்ளும் அறிவு சில மாதங்களில் வராது.

மூன்றாவது மொழி. தமிழில் பிழையில்லாமல் எழுத வேண்டும், ஆங்கிலத்தில் ஒரு நீதிமன்றத் தீர்ப்பையோ அரசாணையையோ படித்துப் பொருள் சொல்லவும் வேண்டும். தமிழ்ப் பத்திரிகைக்கும் இது இரண்டும் தேவை.

நான்காவது பணம். கல்லூரிக் கட்டணத்தை மட்டும் பார்க்காதீர்கள். வீட்டை எதிர்பார்க்காமல் வாழும் அளவுக்குச் சம்பளம் வர எத்தனை வருஷம் ஆகும் என்று சேர்த்துப் பாருங்கள்.

கடைசியாக, இருபத்தொரு வயதில் பிள்ளையின் மனம் மாறினால் கையில் இருக்கும் பட்டம் வேறு எதற்கு உதவும்?

வழி 1: பிளஸ் டூ முடிந்ததும் சென்னையில் இதழியல் அல்லது விஸ்காம்

தாம்பரத்தில் சென்னை கிறித்தவக் கல்லூரி, பெண்களுக்கு எம்.ஓ.பி. வைஷ்ணவ் என்று இளநிலையிலேயே இதழியல் சொல்லித்தரும் கல்லூரிகள் சென்னையில் இருக்கின்றன. விஸ்காம், அதாவது விஷுவல் கம்யூனிகேஷன், இன்னும் நிறைய இடங்களில் உண்டு. ஆனால் இரண்டும் ஒன்றில்லை. விஸ்காமில் பெரும்பகுதி கேமரா, எடிட்டிங், விளம்பரம், கிராபிக்ஸ். எழுத்தில் ஆசை உள்ள பிள்ளையை, பெயரை மட்டும் பார்த்து அதில் சேர்த்துவிட்டு இரண்டாம் வருஷம் வருந்தும் வீடுகள் உண்டு. பாடத்திட்டத்தைக் கையில் வாங்கிப் பார்த்து, எழுத்துக்கு எத்தனை தாள் என்று எண்ணிவிட்டு முடிவு செய்யுங்கள்.

இந்த வழியின் பெரிய பலம் சென்னைதான். நாளிதழ், வார இதழ், டிவி, யூடியூப் சேனல் என்று பெரும்பாலானவற்றின் தலைமை அலுவலகம் அங்கே. இரண்டாம் வருஷ விடுமுறையில் இன்டர்ன்ஷிப் கிடைத்தால், செய்திகளைத் திருத்தும் டெஸ்க்கில் உட்கார்ந்து, தான் எழுதிய காப்பி என்ன ஆகிறது என்று பார்க்க முடியும். துறை ஆசிரியர்களில் பத்திரிகையில் வேலை பார்த்தவர் ஒருவராவது இருந்தால் திருத்தும் ஆளும் கிடைத்தார். சேர்ப்பதற்கு முன் அந்தத் துறை மாணவர்கள் போடும் பயிற்சி இதழ் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். அது ஒழுங்காக வருகிறதா, செய்திகளுக்காக மாணவர்கள் வெளியே போனது தெரிகிறதா என்று பார்த்தாலே துறையின் நிலை புரிந்துவிடும். அப்படி ஓர் இதழே இல்லை என்றால் வேறு கல்லூரி பாருங்கள்.

கண்ணில் படாத செலவுகள்: ஹாஸ்டல், லேப்டாப், விஸ்காம் என்றால் கேமரா, ஒவ்வொரு புராஜெக்டுக்கும் அலைச்சல். ஒரே கல்லூரியில் சுயநிதிப் பிரிவின் கட்டணம் உதவிபெறும் பிரிவைவிட அதிகம். இதழியல் பெரும்பாலும் சுயநிதிப் பிரிவில்தான் இருக்கும். இன்டர்ன்ஷிப்புக்குப் பல இடங்களில் சம்பளம் கிடையாது, அந்த மாதங்களின் சாப்பாடும் பஸ்ஸும் வீட்டுக் கணக்கு. ஹாஸ்டல் செலவை மிச்சம் பிடிக்க, காட்பாடியிலிருந்து தினமும் ரயிலில் போய்வரலாமே என்று சில பெற்றோர் நினைக்கிறார்கள். ஏலகிரி எக்ஸ்பிரஸில் வேலைக்குப் போகிறவர்கள் சீசன் டிக்கெட்டில் போய்வருவது உண்மைதான். ஆனால் ஒரு பக்கம் சுமார் 130 கிலோமீட்டர். சென்னையில் இருப்பதன் லாபமே சாயங்காலக் கூட்டங்களும் இரவு டெஸ்க்கும். ஆறு மணி ரயிலைப் பிடிக்க ஓடும் பிள்ளைக்கு அது எதுவும் கிடைக்காது. சென்னை என்றால் சென்னையில் தங்கட்டும், இல்லாவிட்டால் இந்த வழி வேண்டாம்.

இதன் பலவீனம் இரண்டாவது அளவில்தான். மூன்று வருஷம் இதழியலே படித்தவருக்கு எழுதத் தெரிந்திருக்கும், எதைப் பற்றி எழுதுவது என்பதில் பிடிமானம் இருக்காது. மனம் மாறினால் விளம்பரம், மக்கள் தொடர்பு பக்கம் போகலாம். பள்ளி ஆசிரியர் வேலைக்கோ வேறு பாடத்தில் முதுநிலைக்கோ கதவு குறுகல்.

வழி 2: ஊரில் ஒரு பாடம் படித்து, பிறகு இதழியல்

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் நம் பகுதிப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு நான் சொல்வது இதுதான்.

கல்லூரிகளுக்கு நம் பக்கம் குறைவில்லை. வேலூரில் ஊரிசு கல்லூரி 1898இலிருந்து இருக்கிறது. திருத்தணியில் பிறந்த முன்னாள் குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் அங்கே படித்துவிட்டுத்தான் சென்னை கிறித்தவக் கல்லூரிக்குப் போனார். ஓட்டேரியில் முத்துரங்கம் அரசுக் கலைக் கல்லூரி, பெண்களுக்குக் காட்பாடியில் ஆக்சீலியம், வேலூரில் டி.கே.எம்., வாணியம்பாடியில் 1919இல் தொடங்கிய இஸ்லாமியா, திருப்பத்தூரில் தூய நெஞ்சக் கல்லூரி. அரசுக் கல்லூரியில் கட்டணம் ஏழை வீட்டுக்கும் தாங்கும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வரும். பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன். பேப்பர், பஸ், புத்தகம் மூன்றையும் அதில் சமாளிக்கலாம்.

என்ன பாடம்? தமிழ் அல்லது ஆங்கில இலக்கியம் என்று எல்லோரும் சொல்வார்கள். தவறில்லை. ஆனால் நம் பகுதியில் பிறந்த ஒருவருக்கு இன்னும் நல்ல தேர்வுகள் இருப்பதாக நான் உறுதியாக நம்புகிறேன். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் என்று பாலாற்றங்கரை முழுக்கத் தோல் தொழில். அந்தத் தொழிலின் கழிவுநீர் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தின் அடிப்படைகளில் ஒன்று. கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தில் ஊன்றியதில் நம் மாவட்டத்தின் பெயரைத் தாங்கிய வழக்குக்குப் பெரிய பங்குண்டு. வேதியியல் படித்த ஒரு நிருபர், சுத்திகரித்து வெளியேற்றும் நீரில் கரைந்துள்ள உப்புகள் லிட்டருக்கு 2100 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பதன் பொருளைப் புரிந்துகொள்வார். அறிக்கையில் குரோமியம் என்று வந்தால், எந்த வகைக் குரோமியம் என்று அதிகாரியிடம் திருப்பிக் கேட்பார். அந்த ஒரு கேள்வியில் அவருடைய செய்தி மற்றவர்களுடையதிலிருந்து வேறாகிவிடும். பொருளியல் படித்தவர் ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்களின் கூலியையும் ஏற்றுமதி ஆர்டரையும் சேர்த்துப் பார்ப்பார். வரலாறு படித்தவருக்கு 1806 ஜூலையில் வேலூர்க் கோட்டையில் நடந்த சிப்பாய்ப் புரட்சி ஆண்டு விழாச் செய்தியாக மட்டும் தெரியாது. பட்டத்துக்குப் பின் சட்டம் படிக்க நினைத்தாலும் வேலூரிலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. நீதிமன்றச் செய்தியைச் சரியாக எழுதத் தெரிந்தவர்களுக்கு எந்த அலுவலகத்திலும் மரியாதை உண்டு.

மொழி விஷயத்திலும் ஊரில் இருப்பது லாபம். பேரணாம்பட்டு, வாணியம்பாடி வீடுகளில் உருது பேசும் பிள்ளைகள், குடியாத்தம், காட்பாடி எல்லையில் தெலுங்கு பேசும் பிள்ளைகள் அதை ஒரு குறையாக நினைக்கிறார்கள். மற்ற நிருபரிடம் வாய் திறக்காத ஒரு அம்மா, தன் மொழியில் பேசுகிறவரிடம் மனம் விட்டுப் பேசுவார். அது எந்தக் கல்லூரியும் தர முடியாத முதல்.

சரி, இந்த வழியின் ஓட்டை எங்கே? மூன்று வருஷம் எழுதியதைத் திருத்த ஆள் இல்லாமல் போகலாம். வேதியியல் துறையில் யாரும் உங்கள் கட்டுரையைக் கேட்கப் போவதில்லை. ஆகவே அதைத் தனியாக ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். கல்லூரித் தமிழ்த் துறையில் எழுத்தில் அக்கறையுள்ள ஓர் ஆசிரியரைப் பிடித்து மாதம் ஒரு கட்டுரை கொடுத்துத் திருத்தி வாங்கலாம். விகடன் குழுமம் பல ஆண்டுகளாக நடத்திவரும் மாணவப் பத்திரிகையாளர் பயிற்சித் திட்டம் கல்லூரி மாணவர்களுக்கானது. எந்தப் பாடம் படித்தாலும் விண்ணப்பிக்கலாம். தேர்வானால் படித்துக்கொண்டே செய்தி எழுதிப் பழகலாம், எழுதியதைத் தொழில் தெரிந்தவர்கள் பார்ப்பார்கள். அறிவிப்பு வரும் நாளிலிருந்து கண்ணில் எண்ணெய் விட்டுக் காத்திருந்து விண்ணப்பியுங்கள்.

பட்டத்துக்குப் பிறகு இதழியல் படிப்பில் மூன்று வகை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருஷ முதுநிலை, செலவு குறைவு. தரமணியில் ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசத்தில் ஒரு வருஷ டிப்ளமோ, பயிற்சி கடுமையானது. வகுப்பும் எழுத்தும் ஆங்கிலத்தில், கட்டணம் லட்சங்களில், உதவித்தொகைக்கும் வழியுண்டு. டெல்லியில் மத்திய அரசின் இதழியல் கல்வி நிறுவனமான ஐ.ஐ.எம்.சி., 1965இலிருந்து நடப்பது. இவை தவிர, தமிழ்நாடு அரசும் 2025இல் சென்னையில் ஓர் இதழியல் கல்வி நிறுவனத்தைத் தொடங்கியிருக்கிறது. தமிழில் எழுத விரும்புகிறவர்கள் அதை முதலில் விசாரியுங்கள்.

மறைந்த செலவு: வருஷம். முதல் வழியில் மூன்று வருஷத்தில் வேலை தேடலாம். இதில் நான்கோ ஐந்தோ ஆகும். தங்கை தம்பி படிப்புக்கு மூத்த பிள்ளையின் சம்பளத்தை எதிர்பார்க்கும் வீட்டில் அந்த ஒன்றிரண்டு வருஷம் பெரிய விஷயம். ஆனால் மனம் மாறினால் பி.எட்., வங்கித் தேர்வு, டி.என்.பி.எஸ்.சி., பாடத்திலேயே முதுநிலை என எல்லாக் கதவும் திறந்திருக்கும்.

வழி 3: நேராகப் பகுதிநேர நிருபர், பக்கத்தில் தொலைநிலைப் பட்டம்

தினத்தந்தி, தினமலர் போன்ற நாளிதழ்களுக்கு வேலூர்ப் பதிப்பு இருப்பதால் நம் பகுதியில் தாலுகா நிருபர்களுக்குத் தேவை எப்போதும் உண்டு. பதினெட்டு வயதிலேயே காவல் நிலையம், தாலுகா அலுவலகம், கிராம சபை என்று நேரடியாகப் பழகலாம். ஆட்கள் தெரியும், பயம் போகும், வேகம் வரும். இந்த மூன்றும் வகுப்பறையில் வராதவை, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் திருத்தும் ஆள்? சாவி காலத்து மேசை இன்று தாலுகாவில் இல்லை. வாட்ஸ்அப்பில் நாலு வரி அனுப்புகிறீர்கள், டெஸ்க்கில் ஒருவர் அவசரத்தில் மாற்றிப் போட்டுவிடுகிறார், என்ன மாறியது என்று மறுநாள் பேப்பரைப் பார்த்துத்தான் தெரிய வேண்டும். ஏன் மாறியது என்று சொல்ல அவருக்கு நேரம் இருக்காது. இப்படியே ஐந்து வருஷம் போனால் தகவல் சேகரிப்பவராக நிற்போம், எழுதுபவராக ஆக மாட்டோம். ஆசிரியர் நாற்காலி இன்னும் தூரம்.

பணம் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். பகுதிநேர நிருபருக்குப் பல இடங்களில் மாதச் சம்பளம் கிடையாது. வெளியான செய்திக்கோ படத்துக்கோ சிறு தொகை. பெட்ரோலும் டேட்டாவும் கைக்காசு. பி.எஃப். இருக்காது. ஆண்டு மலருக்கு விளம்பரம் பிடித்துத் தரச் சொல்வார்கள், அதில்தான் கமிஷன். யாரைப் பற்றிக் கேள்வி கேட்டு எழுத வேண்டுமோ அவரிடமே விளம்பரத்துக்குப் போய் நிற்கும் நிலை பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு வரக் கூடாது. பிரஸ் மீட்டில் நிருபர்களுக்குப் பணம் வைத்த கவர் கொடுக்கும் பழக்கமும் இருக்கிறது. வீட்டில் வறுமை இருக்கும்போது அதை மறுப்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துவிட்டு அனுப்புங்கள்.

தொலைநிலைப் பட்டம் சேரும்போது பல்கலைக்கழக மானியக் குழுவின் அனுமதி அந்தப் படிப்புக்கு அந்த ஆண்டு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் தொகை தொலைநிலைப் படிப்புக்குக் கிடைக்காது. இதைத் தெரியாமல் சேர்ந்து இழப்பவர்கள் இருக்கிறார்கள்.

| அளவு | 1. சென்னையில் இளநிலை இதழியல் | 2. ஊரில் பட்டம், பிறகு இதழியல் | 3. நேரடி நிருபர் வேலை |
|---|---|---|---|
| திருத்தும் ஆள் | நல்ல துறையானால் உண்டு | முதல் 3 வருஷம் நாமே தேட வேண்டும், பிறகு உறுதி | பெரும்பாலும் இல்லை |
| துறை அறிவு | குறைவு | அதிகம் | ஊர் நடப்பு மட்டும் |
| மொழி | ஆங்கிலம் வளரும், தமிழ் தேயலாம் | இரண்டும் வளர இடமுண்டு | பேச்சுமொழித் தொடர்பு பலம், ஆங்கிலம் பின்தங்கும் |
| செலவு | அதிகம் | முதலில் குறைவு, கடைசி வருஷம் கூடும் | கட்டணம் குறைவு, வருமானமும் குறைவு |
| மாற்று வழி | சுமார் | நிறைய | தொலைநிலைப் பட்டத்தைப் பொறுத்தது |

எந்த வீட்டுக்கு எது

பிள்ளைக்குப் படம், வீடியோவில்தான் நாட்டம், வீட்டில் ஹாஸ்டல் செலவு தாங்கும் என்றால் முதல் வழி. பெண்ணை ஊரில் வைத்துக்கொண்டு சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வெளியே விட மாட்டோம் என்கிற வீடு என்றாலும் முதல் வழியையே சொல்வேன். ஊரில் உறவினர் கண்களுக்கு நடுவே அவளால் செய்தி சேகரிக்க முடியாது, சென்னையில் முடியும். இதைப் பெற்றோர் என்மேல் கோபப்படாமல் யோசிக்க வேண்டும்.

முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கும், வார, மாத இதழில் ஆசிரியராக வர வேண்டும் என்ற கனவுள்ள பிள்ளைக்கும் இரண்டாவது. பத்திரிகை ஆசிரியர் வேலை என்பது யாரிடம் எதை எழுதி வாங்குவது என்று தெரிவது. அதற்கு அகலமான படிப்பு வேண்டும்.

மூன்றாவது வழி, வீட்டில் உடனே ஒரு வருமானம் வந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தில் மட்டும். அப்போதும் நிருபர் வேலையை ஒரே வருமானமாக வைக்காமல் வேறு ஒரு பகுதிநேர வேலையும் சேர்த்துக்கொள்ளுங்கள், விளம்பர வேலையை முதல் நாளே மறுத்துவிடுங்கள்.

இன்னும் முடிவு வரவில்லை என்றால், ரிசல்ட்டுக்கும் அட்மிஷனுக்கும் நடுவில் இருக்கும் நாட்களில் ஒன்று செய்யலாம். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டம் நடக்கும். பிள்ளை ஒரு காலை முழுக்க அங்கே உட்காரட்டும். மனு கொடுக்க வந்த ஒருவரிடம் அவர் சம்மதத்தோடு பேசி, முந்நூறு வார்த்தையில் எழுதட்டும். பள்ளித் தமிழாசிரியரிடம் கொடுத்துத் திருத்தி வாங்கி, மறுபடி எழுதட்டும். திருத்தத்தைப் பார்த்து முகம் வாடினாலும் பரவாயில்லை. மறுநாள் தானாகவே இன்னொரு முறை எழுத உட்கார்ந்தால், கடன் வாங்கியாவது நல்ல பயிற்சிக்கு அனுப்பலாம். உட்காராவிட்டால் இரண்டாவது வழியில் பிடித்த பாடத்தில் சேர்த்துவிட்டு, மூன்று வருஷம் கழித்து மறுபடி கேளுங்கள்.